கொள்வோர் வஞ்சமும் விற்போர் கடப்பாடும்

உலகியல் நடத்தற்கு இன்றியமையாத தொழில்களுள் வாணிகமும் ஒன்றாம். முன்னோர் வாணிக அறம் வகுத்தபொழுது பெரும்பாலும் விற்போரை நோக்கியே வகுத்தனர். துலாக்கோல் விற்போர் கையில் இருத்தலின் அது பொருத்தமே. ஆயின், இக்காலத்து இணையவழி வாணிகத்தில் கொள்வோர் செய்யும் வஞ்சமும் காணப்படுகின்றது. அவ்வஞ்சத்திற்கு ஆளாகும் விற்போர் கடைப்பிடிக்கத்தக்க நெறி யாது என்பதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

வஞ்சம் நிகழுமாற்றை முதற்கண் அறிதல் வேண்டும். திருவண்ணாமலையிற் சிறு கடை வைத்திருக்கும் ஒருவர், உருத்திராக்க மாலையொன்றைத் தொலைவிலுள்ள ஊர்க்கு அனுப்புகின்றார் எனக் கொள்வோம். நேரில் வாங்குமிடத்து இருவரும் ஒருங்கே பொருளைப் பார்க்கின்றனர். குறையுண்டேல் அப்பொழுதே உரைப்பர். இணையவழியிலோ, விற்பவர் கட்டியதைக் கொள்பவர் கண்டிலர். கொள்பவர் பிரித்ததை விற்பவர் கண்டிலர். இவ்விடைவெளியே வஞ்சத்துக்கு வாயிலாகின்றது. மாலையைப் பெற்று வைத்துக்கொண்டு, 'வெறும் பெட்டியே வந்தது' என்பர் சிலர். நன்மணிகளைக் கழற்றிக்கொண்டு, போலி மணிகளைக் கோத்துத் திருப்பி அனுப்புவர் சிலர். விழாநாளில் உடுத்த சேலையை, மறுவாரம் 'நிறம் பிடிக்கவில்லை' என மீள அனுப்புவாரும் உளர். விற்போரையும் கொள்வோரையும் இணைக்கும் தளத்தார் சிலர், முறையீடு வந்தவுடன் பணத்தைத் திருப்பித் தந்து, அதனை விற்போர் கணக்கிற் பிடித்துக்கொள்கின்றனர். பொருளும் பணமும் போதலோடு போக்குவரவுக் கூலியும் பலகால் விற்பவர் தலையிலேயே விழுகின்றது.

சட்டம் கொள்வோர்க்குத் துணைநிற்றல் தக்கதே. குறையுள்ள பொருளை மீளப் பெற மறுத்தல் முறையற்ற வணிகச் செயல் என்கின்றது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். விலைச்சீட்டில் தவணை குறிக்கப்படாவிடின் அத்தவணை 30 நாள் எனவும் வரையறுக்கின்றது. பழுதுற்றதும் போலியானதும் விளம்பரத்திற் கூறிய இயல்பு இல்லாததுமாகிய பொருளைத் திரும்பப் பெற விற்போர் மறுத்தலாகாது என்கின்றன 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள். இவையெல்லாம் மெய்க்குறைக்கு உரியன. பொய்க்குறைக்கு உரியன அல்ல. வஞ்சித்துப் பிறர் பொருளைப் பெறுதல், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சங்கிதையின் 318ஆம் பிரிவின்படி குற்றமாம். எனினும், 500 ரூபாய் மாலைக்காக நீதிமன்றம் ஏறுவார் யாவர்? ஆகலின், சட்டம் எட்டாத இடத்து அறமே வழிகாட்டல் வேண்டும்.

ஈண்டு ஒரு சாரார், 'அமர்நீதி நாயனாரும் வணிகரே. கேட்டதனைக் கொடுத்துவிடுதலே அவர் காட்டிய நெறி' என்பர். அக்கூற்று ஆராயத்தக்கது. பழையாறை வணிகராகிய நாயனார், பிரமசாரி வடிவில் வந்த இறைவன் தம்மிடம் வைத்த கோவணம் மறைந்துபோக, அதற்கு ஈடாகத் தம் செல்வமெல்லாம் துலையில் இட்டார். இட்டும் நிறையாமையின், மனைவியோடும் மகனோடும் தாமே துலையேறினார். இதில் ஒன்று நோக்குக. கோவணம் அவர் காவலில் இருந்து மறைந்தது உண்மை. அவர் பட்டது மெய்க்கடன். அதன் அளவே அளப்பரியதாயிற்று. பொய்க்கடனுக்கும் ஈடு செய்க என்பது அவ்வரலாற்றின் கருத்தன்று. மேலும், அவர் இட்டது தம் பொருள். இக்கால வணிகரோ பொய்யரிடம் இழந்ததை விலையில் ஏற்றி நேர்மையுடையாரிடம் பெறுவர்; அன்றேல் மாலை கோப்பவர் கூலியிற் குறைப்பர். பிறர் பொருளைப் பொய்யர்க்கு ஈதல் ஈகையாகாது. ஒருமுறை பலித்த பொய்யை மனம் மீண்டும் நாடுமாகலின், கொடுத்தவர் பொய்யர்தம் வினையையும் வளர்த்தவராவர்.

மற்றொரு சாரார், 'கொள்வோர் யாவரும் கள்வரே. விற்ற பொருளை எவ்வாற்றானும் மீளப் பெறோம்' என்பர். இது சிலர் பிழைக்காகப் பலரை ஒறுத்தலாம்.

இவ்விரு பிழைக்கும் மருந்து திருவெண்ணெய்நல்லூர் அவையில் உளது. மணக்கோலத்து இருந்த நம்பியாரூரரை முதிய அந்தணர் ஒருவர் அடுத்து, 'நீ எனக்கு அடிமை' என்றார். நம்பியார் அதனைப் பொய்யென்றே துணிந்து, பித்தரென இகழ்ந்து, அவர் காட்டிய ஓலையையும் பறித்துக் கிழித்தார். வழக்கு அவைக்கு வந்தது. அவையத்தார் முதியவரை இகழ்ந்திலர். அவர் சொல்லைச் சான்றின்றி நம்பினாரும் இலர். ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றனுள் ஒன்று காட்டுக என்றனர். கிழிந்தது படியோலை, மூல ஓலை அவையிற் காட்டப்பட்டது, அது நம்பியாரின் பாட்டனார் எழுத்தோடு ஒப்புநோக்கப்பட்டு மெய்யெனத் துணியப்பட்டது. வந்தவர் இறைவன் என்பது பின்னரே விளங்கிற்று.

இதனாற் பெறப்படுவன இரண்டு. சான்று கேட்டல் அவமதிப்பன்று என்பது ஒன்று. இறைவனே சான்று காட்டினன் எனின், மாலை வாங்கியவரிடம் பெட்டி பிரித்த படத்தைக் கேட்டலில் இழுக்கு யாது? பொய்போலத் தோன்றும் முறையீடு மெய்யாதலும் உண்டு என்பது மற்றொன்று. வழியில் எவரேனும் பெட்டியைப் பிரித்திருக்கலாம். கட்டியவரே பொருளை மறந்திருக்கலாம். ஆராயுமுன் கள்வர் எனச் சினத்தல், ஓலை கிழித்த செயலையே ஒக்கும்.

ஆகலின் விற்போர் செய்யத்தக்கன இவை. மணித்தொகையையும் கிராம் நிறையையும் விலைச்சீட்டில் எழுதிக் கட்டும்பொழுதே காணொளி எடுத்துவைக்க; இது ஆவணம். அஞ்சலகத்தார் குறிக்கும் நிறையைச் சீட்டொடு பேணுக. இது அயலார் காட்சி. திருப்பிப் பெறும் விதியை முன்னரே அறிவித்து எல்லார்க்கும் ஒருபடித்தாக வழங்குக, இது ஆட்சி. குறை தம்மதேல், கேளாத கூலியையும் சேர்த்துக் கொடுக்க. ஐயம் தீராவிடின் கொள்வோர்க்கே விட்டுக்கொடுக்க. நேர்மையுடையார் ஒருவரைக் கள்வராக்குதலினும் ஒரு மாலையை இழத்தல் நன்று. பொய்யெனத் தெளிந்தவழி, தளத்தார் குறித்த தவணைக்குள் சான்றொடு மறுக்க, அவர்க்கு மீண்டும் விற்றலைத் தவிர்க்க, வசைமொழியாது அமைக.

இவற்றினும் அஞ்சத்தக்கது ஒன்றுண்டு. மும்முறை ஏமாந்த வணிகர், அவ்விழப்பை ஈடுசெய்ய அடுத்த மாலையில் ஒரு போலி மணியைக் கோக்க எண்ணுதல் கூடும். அம்மாலையைப் பெறுபவர் அவரை வஞ்சித்தவர் அல்லர். எங்கோ இருந்து அவரை நம்பிப் பணம் விடுத்த வேறொருவர். பிறர் கவர்ந்த பொருளை உழைத்து மீளப் பெறலாம். அவ்வொரு மணியாற் போகும் நேர்மையைப் பிறர் எவரும் கவர்ந்திலர், தாமே கொடுத்ததாம். அதனைக் காத்தலே வஞ்சிக்கப்பட்ட வணிகர்க்கு முதற் கடப்பாடு என்க.