செலொபுகாதின் மகள்கள் கேட்ட பங்கு



இன்றைய வாசகங்களில் இரண்டு கைம்பெண்களைச் சந்தித்தோம். சாரிபாத்தில் ஒருவர் கடைசிப் பிடி மாவில் எலியாவுக்கு அப்பம் சுட்டுக் கொடுத்தார். எருசலேம் கோவிலில் இன்னொருவர் இரண்டு காசுகளைப் போட்டார். நடுவே நாம் பாடிய திருப்பாடல் 146, அநாதைகளையும் கைம்பெண்களையும் ஆண்டவர் தாங்குவதாகச் சொல்கிறது. கைம்பெண்கள் வந்துவிட்டார்கள், பெற்றோரை இழந்த பிள்ளைகள் எங்கே? இந்த வாரம் நவம்பர் 14ஆம் தேதி குழந்தைகள் தினம். அருள்சகோதரிகள் நடத்தும் பெண் குழந்தைகள் இல்லத்துக்கு உங்களில் பலர் போவீர்கள். அதனால், நம் ஞாயிறு வாசகங்களில் வராத ஐந்து பெண்களை இன்று உங்கள்முன் நிறுத்துகிறேன்.

எண்ணிக்கை நூல் 27ஆம் அதிகாரம். செலொபுகாது பாலைநிலத்தில் இறந்துவிடுகிறார். மகன் இல்லை; மக்லா, நோகா, ஒக்லா, மில்கா, திர்சா என்று ஐந்து மகள்கள். அன்றைய வழக்கப்படி நிலம் ஆண்களின் பெயருக்குத்தான் போகும். இந்த ஐவரும் சந்திப்புக் கூடார வாயிலுக்கு வந்து, மோசேக்கும் குருவுக்கும் தலைவர்களுக்கும் மக்கள் கூட்டம் முழுவதற்கும் முன்னால் நிற்கிறார்கள். “எங்களைப் பார்த்தால் பாவமாக இல்லையா?” என்று அவர்கள் அழவில்லை. அப்பாவின் பெயர் ஏன் அழிய வேண்டும், எங்களுக்குரியதைக் கொடுங்கள் என்கிறார்கள். மோசேக்கே பதில் தெரியவில்லை. ஆண்டவரிடம் கொண்டுபோகிறார். அந்தப் பெண்கள் சொல்வது சரி என்கிறார் ஆண்டவர், சட்டத்தையே மாற்றுகிறார்.

நம் இல்லத்துப் பிள்ளைகளை நாம் அப்படிப் பார்க்கிறோமா? பிறந்தநாள், திருமணநாள், பெற்றோரின் நினைவுநாள் வந்தால் பிரியாணி கொண்டுபோகிறோம். ஒரே ஞாயிற்றுக்கிழமை மூன்று குடும்பங்கள் கொண்டுவந்து, மிச்சத்தை என்ன செய்வதென்று சகோதரிகள் கையைப் பிசையும் நாளும் உண்டு. நல்ல மனதோடுதான் செய்கிறோம், குறை சொல்லவில்லை. ஆனால் ஜூன் மாதம் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய வாரத்தில் அந்தப் படி ஏற ஆள் இருக்காது. இன்னொன்று. கேக் வெட்டியதும் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். அவர்களை அடையாளம் காட்டுவதை சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடை செய்கிறது. சட்டம் இருக்கட்டும், பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண் தன் தோழியின் அம்மா போனில் தன்னை ‘அநாதைப் பிள்ளை’யாகப் பார்த்தால் மறுநாள் எப்படி வகுப்புக்குப் போவாள்?

அங்கே இருக்கும் பலருக்கு அம்மாவோ பாட்டியோ உண்டு. வீட்டில் சோறும் இல்லை, பாதுகாப்பும் இல்லை என்பதால் வந்தவர்கள். அவர்களுக்கு எழுதிவைக்க நிலமோ நகையோ யாரிடமும் கிடையாது. தகப்பன் வீட்டிலிருந்து வர வேண்டிய பங்கு என்று ஒன்று இருந்தால், அது படிப்பு மட்டும்தான்.

அந்தப் பங்கு பணத்தால் மட்டும் தடைபடுவதில்லை, காகிதத்தாலும் தடைபடுகிறது. தமிழ்நாடு அரசு 2022இல் புதுமைப் பெண் திட்டத்தைத் தொடங்கியது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிக்கு உயர்கல்வி முடியும்வரை மாதம் 1,000 ரூபாய். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் பிறகு அது விரிந்தது. அதை வாங்க ஆதார் சரியாக இருக்க வேண்டும், அவள் பெயரில் வங்கிக் கணக்கு வேண்டும். கல்லூரிச் சேர்க்கைக்குச் சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் கேட்பார்கள். அப்பாவின் சான்றிதழைக் கொண்டு வா என்று வருவாய்த்துறை அலுவலகத்தில் சொன்னால் அவள் எங்கே போவாள்? நம் பங்குத்தளத்தில் ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர்கள் இருக்கிறீர்கள், தாலுகா அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள் இருக்கிறீர்கள், வங்கிக்காரர்கள் இருக்கிறீர்கள். உங்கள் ஒரு காலைப்பொழுது நூறு பிரியாணிப் பொட்டலத்தைவிடப் பெரிது. கணக்கு ஆசிரியர்களே, சனிக்கிழமை மாலை உங்களுக்கும் ஒரு நாற்காலி அங்கே காலியாக இருக்கிறது.

இதையும் சொல்ல வேண்டும். ஏழைக் கைம்பெண்ணின் காணிக்கையைச் சொல்லித் தட்டை நிரப்புவது எங்களைப் போன்ற குருக்களுக்கு எளிது. அதற்கு முந்தைய வரிகளில்தான் கைம்பெண்களின் வீடுகளை விழுங்கும் மறைநூல் அறிஞரை ஆண்டவர் சாடுகிறார். ஆகவே நூறுநாள் வேலைக்குப் போகும் அம்மாக்களிடம் நான் இன்று எதுவும் கேட்கவில்லை. ஆனால் கைம்பெண்களால் என்ன முடியும் என்பதை நம் திருச்சபை பார்த்திருக்கிறது. கணவரை இழந்த ஞானம்மா அன்னை கீழச்சேரியில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட காலம் அது. 1863இல் அவர் தொடங்கிய துறவற சபையே சென்னைப் புனித அன்னாள் சபை. 2014இல் திருச்சபை அவரை இறை ஊழியர் என்று அறிவித்தது.

அந்த ஐந்து பெண்களின் கதை 27ஆம் அதிகாரத்தோடு முடியவில்லை. 36ஆம் அதிகாரத்தில் குலத்தலைவர்கள் வந்து, நிலம் வேறு குலத்துக்குப் போய்விடுமே என்கிறார்கள். சொந்தக் குலத்தில்தான் மணமுடிக்க வேண்டும் என்று நிபந்தனை சேர்கிறது. நம் உதவியிலும் இது நடக்கிறது. “நர்சிங் படித்தால் பணம் தருகிறேன்”, “பன்னிரண்டு முடித்ததும் ஒரு நல்ல இடம் பார்த்துக் கட்டிக்கொடுங்கள் சிஸ்டர்.” அவளுக்கு வரலாறு பிடித்திருக்கலாம். சட்டம் படிக்க ஆசை இருக்கலாம். உங்கள் மகளிடம் கேட்பதுபோல் அவளிடமும் கேளுங்கள்.

பிறகு யோசுவா நூல், 17ஆம் அதிகாரம். மோசே இறந்து, யோர்தானைக் கடந்து, நிலம் பிரிக்கும் நேரம். அங்கே அந்தப் பெண்கள் மறுபடியும் வந்து நிற்கிறார்கள். ஆண்டவர் சொல்லியும், அவர்களே போய் நினைவூட்ட வேண்டியிருந்தது. நம் பங்கிலும் முதல் ஆண்டு உற்சாகமாகப் பணம் வரும். இரண்டாம் ஆண்டு சகோதரிகள் போன் செய்ய வேண்டும். மூன்றாம் ஆண்டு நாம் போனை எடுப்பதில்லை. அவளுக்கோ 18 வயது முடிந்து இல்லத்தை விட்டு வெளியேறும் ஆண்டு அது. 21 வயது வரை பின்பராமரிப்பு உதவிக்குச் சட்டம் வழிவைத்திருக்கிறது. ஆனால் விடுதி மூடும் தீபாவளி விடுமுறையில் அவள் எந்த வீட்டுக்குப் போவாள் என்று சட்டம் சொல்லாது. அதை நாம்தான் சொல்ல வேண்டும்.

திருப்பலி முடிந்ததும் வின்சென்ட் தே பால் சபையினர் வாசலில் ஒரு நோட்டோடு நிற்பார்கள். எழுதுகிறவர்கள், எவ்வளவு தொகை என்பதை அப்புறம் எழுதுங்கள். எத்தனை ஆண்டு என்பதை முதலில் எழுதுங்கள். பணம் இல்லாதவர்கள், எந்தக் கிழமை வர முடியும் என்று எழுதினால் போதும். இப்போது எழுந்து நின்று நம் நம்பிக்கையை அறிக்கையிடுவோம்.