நீலமும் சாணையும்

திருநள்ளாற்றிற்கு வருவோர் பலருடைய விரலில் நீலமணி பதித்த மோதிரம் காணப்படுகின்றது. காரைக்காலுக்கு மேற்கே அணித்தாயுள்ள அத்தலத்து முதல்வர் தருப்பாரணியேசுவரர். திருஞானசம்பந்தர் மதுரையில் அனலிலிட்டு வேவாது எடுத்த ஏடு இத்தலப் பதிகம் எழுதப்பெற்றது. ஆயினும் இரண்டரை ஆண்டிற்கு ஒருமுறை வரும் பெயர்ச்சி நாளில் திரள்வோரிற் பெரும்பாலார் சனிபகவானின் சந்நிதியையே நோக்கி வருகின்றனர். நீலம் அணிந்தால் துன்பம் விலகும் என்னும் எண்ணம் இவர்பால் வேரூன்றியுள்ளது. இவ்வெண்ணம் நம் வினைக் கொள்கையோடு பொருந்துமா என்பதை அம்மணியின் இயல்பு கொண்டே ஈண்டு ஆராய்வாம்.

நீலமும் மாணிக்கமும் ஒரே கனிப்பொருளின் இருவேறு நிறங்களாம். அலுமினியமும் உயிர்வளியும் கூடியமைந்த அப்பொருளுக்கு நம்மவர் இட்ட பெயர் குருந்தம். மேனாட்டார் வழங்கும் 'கொரண்டம்' என்பதும் இத்தமிழ்ச்சொல்லின் வழிவந்ததே. கலப்பற்ற குருந்தத்திற்கு நிறமில்லை. குரோமியம் சிறிது கலப்பின் செம்மணியாகின்றது. இரும்பும் டைட்டேனியமும் கலப்பின் நீலமாகின்றது. ஒளி புகாது மங்கிக் கிடப்பதோ சாணைக்கு உரியதாய்ப் போகின்றது; நாமக்கல் பக்கத்துச் சித்தம்பூண்டியிற் குருந்தம் உண்டு. வன்மையில் மோசு என்பார் வகுத்த பத்துப் படிகளுள் இது ஒன்பதாம் படியினது. மேலுள்ளது வயிரம் ஒன்றே. மாணிக்க வகைகளுள் ஒன்றனைக் குருவிந்தம் எனப் பண்டையோர் பெயரிட்டதும் நினைவு கூரத்தக்கது. (குருந்தம் என்றவுடன் பெருந்துறைக் குருந்தமரத்தையும் மாணிக்கவாசகர் திருப்பெயரையும் இக்கல்லோடு முடிச்சிட நா எழும். மரம் வேறு, கல் வேறு. அது சொல் விளையாட்டாய் ஒழியும்.)

இனி, சூரியனுக்கு மாணிக்கமும் சனிக்கு நீலமும் உரியன என்பர் மணிநூலார். தந்தையும் மகனுமாகிய இவ்விருவரும் தம்முட் பகையுடையார் என்பது சோதிடர் கூற்று. பகைவர் இருவர்க்கும் உரிய பொருள் ஒன்றேயாய் முடிந்தது காண்க! அன்றியும், காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்த 1902-ஆம் ஆண்டில், வெர்னேய் என்னும் பிரெஞ்சு அறிஞர் தீச்சுடரில் மாணிக்கம் ஆக்கும் முறையை வெளியிட்டார். பின்னர் நீலமும் அங்ஙனமே ஆக்கப்பெற்றது. காக்கும் ஆற்றல் பொருளின்கண் உளது எனின், சாணைச் சக்கரமும், குருந்தத்தூள் ஒட்டிய உப்புத்தாளும் தச்சனைச் சனியினின்று காத்தல் வேண்டும். நிறத்தின்கண் உளது எனின், உலையிற் பிறந்த நீலமும் ஒக்கக் காத்தல் வேண்டும். இவ்விரண்டும் அணிவோர்க்கு உடன்பாடன்று. கல் சடம், சடம் தானே பயன் கூட்டாது. வினையும் சடமாதலின் அதன் பயனைக் கூட்டுதற்கு முதல்வன் வேண்டும் என்று நாட்டிய நம் ஆசிரியர்க்குக் கோளும் அவன் ஏவல் வழி நிற்பதே. நளன் இங்குத் தீர்த்தமாடி ஈசனை வழிபட்டே சனியின் பிடி நீங்கினான் என்பது தலவரலாறு.

அஃதேல் கல் நமக்கு உணர்த்துவது ஒன்றும் இன்றோ எனின், உண்டு. குருந்தத்தைத் தேய்க்க வல்லது வயிரம், அஃதின்றேல் குருந்தமே. குருந்தப் பொடியை அரக்கொடு கலந்து சக்கரமாக்கி, அதனைச் சுழற்றி மணிகளைத் தேய்த்தல் நம் நாட்டுக் கம்மியரின் பழைய முறை. மண்ணினின்று எடுத்த நீலம் கூழாங்கல் போன்றே தோன்றும். தன்னினத்துப் பொடியால் உராய்வுண்டு பட்டை தீட்டப்பெற்ற பின்னரே உள்ளொளி காட்டும். தனு கரணங்களும் மலமேயாக, அவற்றைக் கொண்டு மலத்தை நீக்குதல் யாங்ஙனம் என்னும் வினாவிற்கு, சாணியும் உவரும் கூட்டி ஆடையின் அழுக்கைப் போக்கும் வண்ணானை விடையாகக் காட்டினார் அருணந்தி சிவாசாரியர். சாணைச் சக்கரம் அவ்வுவமைக்கு உறவாகும். நீலத்தை அணிந்து உராய்வினின்று தப்ப நினைப்பவன், அம்மணி எவ்வாறு மணியாயிற்று என்பதை மறந்தவனாவான்.

ஆயினும் உவமை எங்கே நிற்கும், எங்கே முறியும் என்று காணாது விடுதல் நேர்மையன்று. களிம்பு செம்பின் ஒளியை மறைப்பது. இங்கோ கலப்பே மணிக்கு அழகு தருகின்றது. ஆணவத்திற்கு அழகு செய்யும் தொழில் இல்லை. ஆதலின் நிறம்பற்றி மலத்திற்கு இதனை உவமை கூறுதல் தகாது. தேய்வு பற்றியே கொள்க.

மற்றொரு தடை இதனினும் வலிது. கல்லிற்கு வலியில்லை; உயிர்க்கு உண்டு. மகவை இழந்த தாயிடம் சென்று, 'நீ பட்டை தீட்டப்படுகின்றாய்' என்பவன் நூற்பொருளை உண்மையாகவே கூறினும் கொடியவனேயாவான். என்னை? சாணை தானே மணியை ஆக்குவதில்லை. எந்தப் பக்கத்தைத் தேய்ப்பது, எவ்வளவு தேய்ப்பது, எப்பொழுது கையை எடுப்பது என்று அறிந்த கம்மியன் இல்வழி, சக்கரம் நன்மணியையும் பொடியாக்கிவிடும். துன்பம் தன்னளவில் அருளன்று. அதனை அளவறிந்து கூட்டுவோன் கருணையாலேயே அது மறக்கருணை எனப் பெயர் பெறுகின்றது. அவ்வளவை அறிந்தவன் முதல்வன் ஒருவனே. பிறர் துயரைக் கண்டு 'அவன் வினை' என்று வாளா இருப்பவனும், பிறரைத் துன்புறுத்திவிட்டு 'அது அவனைப் பக்குவப்படுத்தும்' என்பவனும் தமக்கு உரிமையில்லாத கம்மியன் இருக்கையில் ஏறி அமர்கின்றனர். வினைக் கொள்கை தன் துன்பத்தைத் தாங்குதற்கு ஒருவனுக்கு உதவும். அயலான் துன்பத்தின்முன் அதனை எடுத்துரைத்துக் கைகட்டி நிற்பவனுக்கு அது இரக்கமின்மையை மறைக்கும் போர்வையாகின்றது. மடங்களிற் பாடம் கேட்டோரிடையும் இப்பிழை உண்டென்று கூற நாம் தயங்க வேண்டுவதில்லை.

காரைக்காலில் வணிகர் மரபில் தோன்றிய புனிதவதியார் இல்லத்திற்குப் பசியோடு அடியார் ஒருவர் வந்தபோது, கறியமுது இன்னும் ஆகவில்லை. கணவன் அனுப்பி வைத்திருந்த மாங்கனி இரண்டனுள் ஒன்றை எடுத்துச் சோற்றோடு இட்டார். ஆனித்திங்கள் நிறைமதியை ஒட்டிய விழாவில் அவ்வூர் மக்கள் இன்றும் அதன் நினைவாக மாங்கனிகளை வாரி இறைக்கின்றனர்.