தனிமையும் விவேகமும்

விவேகம் என்னும் சொல்லைத் தமிழராகிய நாம் நாள்தோறும் வழங்குகின்றோம். நன்மை இது, தீமை இது எனப் பகுத்தறியும் அறிவுக்கு அதனைப் பெயராகக் கொண்டுள்ளோம். பகவன் புத்தரின் போதனைகள் காக்கப்பட்டுள்ள பாலி மொழியிலோ, அச்சொல்லுக்கு ஒதுங்கியிருத்தல் என்பது பொருள். கூட்டத்தை விட்டு உடலால் ஒதுங்குதல் காய விவேகம். மாசுகளை விட்டு உள்ளத்தால் ஒதுங்குதல் சித்த விவேகம். ஒரு சொல்லே ஓரிடத்தில் தனிமையையும் பிறிதோரிடத்தில் அறிவையும் குறிப்பது வியப்பன்று. பிரித்தல் என்பதே அதன் வேர்ப்பொருள். கூட்டத்தினின்று தன்னைச் சற்றே பிரித்துக்கொள்ள அறியாதவன், பொய்யினின்று மெய்யைப் பிரித்துக் காணவும் அறியான்.

இதனை இப்போது எடுத்துரைக்கக் காரணம் உண்டு. புனே நகரிலும், அதனை அடுத்த கட்கி, தேஹு ரோடு முதலிய இடங்களிலும் வாழும் தமிழ்த் தாய்மார், தம்ம உரை முடிந்தபின் நம்மிடம் பெரும்பாலும் ஒரே வினாவை வினவுகின்றனர். "ஐயா, பதினைந்து வயதுப் பிள்ளை இரவெல்லாம் கைப்பேசியும் கையுமாய் இருக்கிறான், வீட்டில் எவரோடும் பேச்சில்லை, புத்தகத்தைக் கொடுத்தால் ஒரு பக்கம் தாண்டவில்லை. அதைப் பிடுங்கி வைத்தால் பாவமா, பிடுங்காமல் விட்டால் பாவமா?" என்பதே அவ்வினா. இதற்கு ஒரே சொல்லில் விடை கூறுவோர் உளர். நாம் அங்ஙனம் கூறத் துணியோம். நோயின் தன்மையை முதலில் ஆராய்தல் வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூன் திங்களில் வெளியிட்ட அறிக்கை, உலக மக்களுள் ஆறு பேருக்கு ஒருவர் தனிமைத் துயரால் வாடுவதாகக் கூறுகின்றது. 13 முதல் 29 வயது வரையுள்ளோரில் அத்துயர் உடையோர் 17 முதல் 21 விழுக்காடு. அவர்களுள்ளும் பதின்பருவத்தினரிடமே அது மிகுதி. முதுமையில் வரும் என்று நாம் எண்ணியிருந்த நோய் இளமையிலேயே வந்து புகுந்துள்ளது.

அறிவின் நிலை யாது? நம் நாட்டின் 28 மாவட்டங்களில் 14 முதல் 18 வயது வரையுள்ள 34,745 இளைஞரைச் சந்தித்துப் பிரதம் அமைப்பு 2023இல் எடுத்த அசர் கணக்கெடுப்பு ஒன்று உண்டு. அவர்களுள் ஏறத்தாழ நான்கில் ஒருவர் தம் தாய்நிலத்து மொழியில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடையின்றிப் படிக்க இயலவில்லை. கைப்பேசியைக் கையாளத் தெரிந்தவருள் பத்தில் ஒன்பது பேர் அதற்கு முந்திய வாரத்தில் சமூக ஊடகத்தில் உலவியிருந்தனர். கல்விக்காக அதனைப் பயன்படுத்தியோர் மூன்றில் இரு பங்கினரே. படிக்க இயலாமைக்குக் கைப்பேசியே காரணம் என்று நாம் சாதிக்கமாட்டோம். வறுமையும், நல்லாசிரியர் இன்மையும், கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தமையும் அதற்குக் காரணங்களே. ஆயினும், இளைத்த உடலுக்கு எவ்வுணவு ஊட்டப்படுகின்றது என்பதைக் கேளாதிருத்தல் தகுமா?

இன்ஸ்டாகிராமில் நூற்றுக்கணக்கான முகங்கள். வாட்ஸ்அப்பில் ஓயாத செய்திகள். இத்தனை பேர் சூழ்ந்திருந்தும் பிள்ளை தனிமையால் வாடுவது எங்ஙனம்? தனித்திருத்தல் வேறு, தனிமைத் துயர் வேறு. பிக்கு காட்டில் தனித்திருக்கிறார், துயருறுவதில்லை. பிள்ளை கூட்டத்தின் நடுவே இருக்கிறான், துயருறுகிறான். ஏனெனில், அவன் கண்முன் செல்லும் நூறு முகங்களுள் ஒன்றேனும், "சாப்பிட்டாயா? முகம் ஏன் வாடியிருக்கிறது?" என்று கேட்பதில்லை. உண்மையான துணையும் அவனுக்கு இல்லை; உண்மையான தனிமையும் இல்லை. துணையின்மையால் நெஞ்சு வறள்கின்றது. தனிமையின்மையால் அறிவு வறள்கின்றது.

அறிவு வறளும் விதத்தை நாம் அறிந்த தொழிலைக்கொண்டு விளக்குவோம். நூற்பாலையில் ரிங் பிரேம் இயந்திரத்தருகே நாம் நின்ற ஆண்டுகள் பல. அங்கே இழை அறுவது இயல்பு. கை பழகியவர் நொடியில் ஒட்டிவிடுவர். ஆனால் அடிக்கடி அறுந்து அடிக்கடி ஒட்டப்பட்ட நூல், தறிக்குச் சென்று இழுவை ஏற்படும்போது தாங்காது. எண்ணமும் ஓர் இழையே. கணக்கொன்றின் முதற்படியைப் பற்றிக்கொண்டு ஐந்தாம் படி வரை செல்லும் மாணவனுக்கு அவ்விழை அறாதிருத்தல் வேண்டும். அரை நிமிடத்துக்கு ஒரு காட்சியாக ஓடும் ரீல்ஸுக்குப் பழகிய மனம், அரை நிமிடத்துக்கு ஒருமுறை அறுந்து ஒட்டப் பழகிய மனமாகும்.

இன்னுமொன்று. ஆலையிலுங்கூடப் பாபின் நிறைந்தால் இயந்திரம் நிற்கும். நிறைந்ததைக் கழற்றி வெறும் பாபினை மாட்டிய பின்னரே மீண்டும் ஓடும். பழைய இணையப் பக்கங்களும் அத்தகையனவே. பக்கத்தின் அடியை எய்தியவன், "இது போதுமா, இன்னும் வேண்டுமா?" என்று தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வாய்ப்பிருந்தது. உருட்ட உருட்ட முடியாது நீளும் பக்கத்தை 2006இல் வகுத்தவர் அசா ராஸ்கின் என்னும் அமெரிக்க வல்லுநர். அவரே பின்னாளில் அதனை எண்ணி வருந்தினார். நிற்காத இயந்திரத்தின்முன் நிறுத்தப்பட்ட சிறுவனை, "உனக்கு அடக்கமில்லை" என்று மட்டும் ஏசுதல் நீதியன்று. மக்களின் அறியாமையையும் ஆசையையும் முதலாக்கிப் பொருள் ஈட்டுவது நல்வாழ்க்கைத் தொழில் ஆகுமா என்னும் வினா, அவ்வியந்திரத்தை ஓட்டும் பெருநிறுவனங்களை நோக்கி எழவேண்டிய வினா.

விவேகம் இழந்தவன் எதையும் நம்புவான். கேசபுத்தம் என்னும் நகரில் வாழ்ந்த காலாமர், பல போதகர் பலவிதமாய்க் கூறக் கேட்டு ஐயுற்றனர். பலரும் சொல்கின்றனர் என்பதாலோ, வழிவழி வந்தது என்பதாலோ, சொல்பவர் பெரியவர் என்பதாலோ எதனையும் ஏற்கவேண்டா. அது தமக்கும் பிறர்க்கும் கேடு தருமா, நலம் தருமா என்று தாமே ஆராய்ந்து தெளிக என்பதே பகவன் அவர்க்குக் காட்டிய வழி. அவ்வாறு ஆராய்வதற்கு, காதில் விழுவதற்கும் மனம் ஏற்பதற்கும் இடையே ஓர் இடைவெளி வேண்டும். அவ்விடைவெளியே விவேகம். கண்டவுடன் பிறர்க்கு அனுப்பும் விரலுக்கு அவ்விடைவெளி இல்லை.

அங்ஙனமாயின் பிடுங்கிவிடுவதே முறை என்பீர்களோ? மறுபுறத்தையும் காணுங்கள். 2020, 2021ஆம் ஆண்டுகளில் பள்ளிகள் அடைபட்டபோது ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் வந்தது கைப்பேசி வழியாகவே. உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பதும் அதன் வழியாகவே. தாயும் தந்தையும் ஷிப்டு வேலைக்குப் போய்விட, பூட்டிய அறையில் தனித்திருக்கும் பெண்ணுக்கு அதுவே பலகணி. வகுப்பில் எழுந்து கேட்கக் கூசும் மாணவன் அதனிடம் கூச்சமின்றிக் கேட்டறிகிறான். இவற்றையெல்லாம் பறித்துவிட்டு அவ்விடத்தில் வைப்பதற்கு நம்மிடம் யாது உளது?

உதானம் என்னும் நூலில் வரும் மேகியர் வரலாறு இங்கே நமக்கு வழிகாட்டும். பகவனுக்குப் பணிவிடை செய்து வந்த மேகியர் என்னும் பிக்கு, ஆற்றங்கரையில் அழகிய மாந்தோப்பு ஒன்றைக் கண்டு, அங்கே தனித்துத் தியானிக்க விடை வேண்டினார். வேறொரு பிக்கு வரும் வரை பொறுக்குமாறு பகவன் பணித்தார். மேகியரோ மூன்றாம் முறையும் வேண்டிப் புறப்பட்டுவிட்டார். தோப்பில் அமர்ந்ததுதான் தாமதம். காம நினைவும், பகை நினைவும், பிறரை வருத்தும் நினைவும் திரண்டு வந்து அவரைச் சூழ்ந்தன. திகைத்துத் திரும்பிய அவருக்குப் பகவன் அறிவுறுத்தியது யாதெனில், பக்குவமடையாத உள்ளம் பக்குவமடைய ஐந்து வேண்டும். அவற்றுள் முதலாவது நன்னட்பு என்பது. ஒழுக்கமும், நல்லுரையும், முயற்சியும், ஞானமும் அதன் பின்னரே எண்ணப்பட்டன.

அன்பர்களே, இவ்வரிசையை ஊன்றி நோக்குங்கள். துறவு பூண்டவர்க்கே துணையற்ற தனிமை கேடாயிற்று எனில், பதினைந்து வயதுப் பிள்ளைக்கு எங்ஙனம் இருக்கும்? கைப்பேசியோடு அறையில் அடைபட்ட பிள்ளையும் மாந்தோப்பு மேகியரே. கைப்பேசியைப் பறித்து அதே அறையில் தனியே விடப்பட்ட பிள்ளையும் மாந்தோப்பு மேகியரே. முதலில் துணை, அதன்பின் தனிமை, அதன்பின் விவேகம். இவ்வரிசையை மாற்றி எதனைச் செய்யினும் பயன் விளையாது.

இதற்கு நம் மராட்டிய மாநிலத்திலேயே சான்று உண்டு. யவத்மால் மாவட்டத்துப் பான்சி கிராமத்தார் 2022 நவம்பரில், பதினெட்டு வயதுக்குட்பட்டோர் கைப்பேசி பயன்படுத்தலாகாது எனத் தீர்மானித்தனர். பதினாறு வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருத்தலை 2025 டிசம்பர் 10 முதல் ஆஸ்திரேலிய நாட்டுச் சட்டமும் தடுக்கின்றது. இவை பிள்ளைகளுக்கு மட்டும் இடப்பட்ட வேலிகள். சாங்லி மாவட்டத்து மோஹித்யாஞ்சே வட்காவ் என்னும் கிராமத்தாரோ, 2022 ஆகஸ்டில் வேறொரு வழி கண்டனர். மாலை 7 மணிக்கு ஊர்க் கோயிலிலிருந்து சங்கு ஒலிக்கும். உடனே ஊரார் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் நிறுத்திவிடுவர். இரவு 8.30க்கு மறுபடி சங்கு ஒலிக்கும் வரை பிள்ளைகள் படிப்பர். பெரியோரும் படிப்பர், ஒருவரோடொருவர் பேசுவர். இவ்வேற்பாட்டில் நாம் போற்றுவது சங்கொலியை அன்று. தகப்பனுக்கும் மகனுக்கும் ஒரே விதி என்பதையே. பிறர்மேல் சுமத்துவது தண்டனை. தானும் உடன் ஏற்பது சீலம்.

ஆதலின் தாய்மாரின் வினாவுக்கு நம் விடை இதுவாகும். உங்கள் கைப்பேசியை முதலில் கீழே வையுங்கள். பிள்ளையின் அருகே அமர்ந்து, அவன் பார்ப்பதையும் விரும்புவதையும் கேட்டறியுங்கள், ஏசவேண்டா. வீட்டில் அனைவர்க்கும் பொதுவாக ஒரு நேரத்தை வகுத்து, அந்நேரத்தில் எல்லாக் கைப்பேசிகளையும் ஓரிடத்தில் வையுங்கள். இருவரும் வேலைக்குச் செல்லும் வீட்டில் ஒரு மணி நேரம் அரிதாயின், உண்ணும் நேரமேனும் அவ்வாறு இருக்கட்டும். துணை என்னும் அடித்தளம் அமைந்த பின்னர், எவ்வளவு பார்க்கலாம் என்று வரையறுப்பதும், இரவில் வாங்கி வைப்பதும் இம்சை ஆகா. நோயாளியின் கையைப் பற்றிக்கொண்டு கொடுக்கும் கசப்பு மருந்தே அது. துணையாய் இராமல் பிடுங்குவதோ சினத்தின் செயல். பிடுங்காமல் கண்டும் காணாதிருப்பது சோம்பலின் செயல். இரண்டும் அறமன்று.

பிள்ளைகளுக்கும் ஒரு சொல். சிறுவனாயிருந்த தம் மகன் ராகுலனிடம் பகவன், கண்ணாடி எதற்குப் பயன்படும் என்று வினவினார். பார்ப்பதற்கு என்றான் ராகுலன். அவ்வாறே செய்வதற்கு முன்னும், செய்யும்போதும், செய்த பின்னும் தன் செயலைத் தானே பார்த்தல் வேண்டும் என்று பகவன் அறிவுறுத்தினார். அசோக மன்னர் தம் பாப்ரு கல்வெட்டில் அனைவரும் கேட்டுச் சிந்திக்க வேண்டியவற்றுள் ஒன்றாக ராகுலனுக்குக் கூறிய அறவுரையையும் குறித்துள்ளார். உங்கள் கையிலுள்ளதும் ஒரு கண்ணாடியே. எடுக்கும் முன் எதற்கு என்றும், பார்க்கும்போது மனம் எவ்வாறு உளது என்றும், வைத்த பின் பெற்றது யாது என்றும் கேட்டுப் பாருங்கள். மூன்று வினாக்கள் போதும். நிற்காத இயந்திரமும் நிற்கும்.

1954 டிசம்பர் 25இல் பாபாசாகேப் அம்பேத்கர் தேஹு ரோடு விகாரையில் பகவனின் திருவுருவை நிறுவினார். புத்தகங்களுக்கென்றே மும்பை தாதரில் ராஜகிருகம் என்னும் இல்லத்தை எழுப்பிக்கொண்டவர் அவர். ஏட்டைத் தொடவும் உரிமை மறுக்கப்பட்ட குலங்களிலிருந்து வந்து, இரவெல்லாம் அறாத இழையாய்ப் படித்துச் சிந்தித்து அவர் நமக்கு வழி திறந்தார். அன்று ஏட்டை நம்மிடமிருந்து பிறர் பறித்தனர். இன்று ஏடு கையில் இருக்க, அதனைப் படிக்கும் மனத்தை நாமே பறிகொடுக்கலாமா? அடுத்த பௌர்ணமி நாளிலேனும், ஒவ்வொரு வீட்டிலும் பெற்றோரும் பிள்ளைகளும் ஒருங்கே அமர்ந்து, ஒரு நாழிகை பேசி, ஒரு நாழிகை மௌனமாய் இருந்து பார்ப்பார்களாக. துணையும் தனிமையும் சேர்ந்த அவ்விரு நாழிகையிலிருந்தே விவேகம் பிறக்கும்.