திசுக்களும் உயிரும்

மக்கள் யாக்கை, எபிதீலியம் என்னும் மேலுறைத் திசு, இணைப்புத் திசு, தசைத் திசு, நரம்புத் திசு என்னும் நான்கனால் இயன்றது. குருதியும் என்பும் இணைப்புத் திசுவின்பாற்படும். குடலின் உள்ளுறை சின்னாளிற் புதுப்பிக்கப்படும்; செங்குருதி அணுக்கள் ஏறத்தாழ 120 நாளில் அழியும். இங்ஙனம் மாறுவனவற்றை ‘யான்’ எனல் பொருந்தாது.

அற்றேல், மூளையின் நரம்பணுக்களிற் பெரும்பாலன வாழ்நாள் முழுதும் நிலைபெறுதலின், அவையே உயிராகாவோ எனின், ஆகா. கண்வில்லையின் நடுவணுக்களும் கருவிலே தோன்றி இறுதிவரை நிற்பனவே, அவை காண்பதில்லை. ஆதலின் நிலைபேறு அறிவாகாது. நரம்பு நைந்துழி அறிவு மங்குதல், விளக்கு அவிந்துழிக் கண் காணாமை போலும். அதனால் விளக்கே கண்ணாகாது. உயிர் உடலின் வேறென மெய்கண்டார் சிவஞானபோதம் 3ஆம் சூத்திரத்தில் நிறுவினார்.

யாக்கையை யானெனக் கொள்வார்க்கு அதன் தேய்வே துயராம். கருவியெனத் தெளிந்தார் அதனைப் பேணுவர். பிறருயிர் காக்கத் தம் குருதியும் ஈவர்.