மூப்பும் கைத்தொழிலும்

தம் மோட்டார் வண்டியின் பழைய எண்ணெயைத் தாமே வடித்துப் புதியது வார்த்து வந்தார் ஒருவர், மூப்புற்ற பின்னும் அதனைத் தாமே செய்தல் தக்கதோ, பிறர்பால் ஒப்புவித்தல் தக்கதோ என்பது ஆராயற்பாலது.

எஞ்சினுள் உராய்வைத் தணித்து வெப்பத்தையும் ஏற்கும் எண்ணெய், நாளடைவிற் கரியும் உலோகத்துகளும் கலந்து மாசுறும். உரிய காலத்து மாற்றாக்கால் எஞ்சின் தேயும். மாற்றுவோர் ஜாக்கியால் வண்டியை உயர்த்தி, தாங்கிகளின்மேல் நிறுத்தி, அடியிற் புகுந்து நட்டினைக் கழற்றல் வேண்டும். தோளும் முழந்தாளும் தளர்ந்தார்க்கு இஃது இடர் தருவதாம்.

திருநாவுக்கரசு நாயனார் முதுமையினும் திருப்புகலூரில் உழவாரத்தொண்டு செய்திலரோ எனின், செய்தனர். ஆயின் அவர் கருதியது திருக்கோயிலின் தூய்மையேயன்றித் தம் கைவன்மையன்று. உடம்பு இறைவன் உயிர்க்கு அளித்த கருவி. அது தளர்ந்தவிடத்தும் 'யானே செய்வேன்' என முனைதல் தற்போதமேயாம்.

அற்றேல், கூலி கொடுத்தவுடன் கடமை ஒழியுமோ எனின், ஒழியாது. பள்ளிக்கரணையில் வாழ்வாரை நோக்குக. அங்குள்ள சதுப்புநிலம் 2022-ஆம் ஆண்டு ராம்சார் பட்டியலிற் சேர்ந்தது. பறவைகள் பல வந்து தங்குமிடம். கால்வாயில் ஊற்றிய கழிவெண்ணெய் மழைநீரொடு அங்குச் சேரின், நீர்மேற் படலமாய்ப் பரந்து மீனுக்கும் பறவைக்கும் கேடு சூழும். ஆதலின், கழிவெண்ணெயை மூடிய கலத்தில் ஏற்று, அதனைச் சுத்திகரிப்போரிடம் சேர்ப்பித்தலும் அவ்வேலையின் பகுதியேயாம்.

வண்டியின் கீழ்ப் புகமாட்டாத முதியரும் எண்ணெயின் அளவைப் பார்க்கலாம்; மெக்கானிக்கிடம் கழிவு எங்குச் செல்கின்றது என வினவலாம். கைவினையை இளையார்க்கு விடுத்தல் இழுக்கன்று. அதன் பயனில் கருத்தை விடுத்தலே இழுக்கென்க.