ஒற்றை ஜிமிக்கி

சீடன்: ஜோடி ஜிமிக்கியில் ஒன்று பெசன்ட் நகர்க் கடற்கரை மணலில் தொலைந்துபோகிறது. மிஞ்சியிருப்பதற்கு இணையாக ஒன்றே ஒன்று செய்ய வேண்டும். ஐயா, அதைச் செய்யும் கைக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

குரு: முதலில் பார்க்கத் தெரிய வேண்டும். நகையைப் பார்ப்பது என்றால் அளப்பது, நிறுப்பது, உரைப்பது மூன்றும் சேர்ந்தது. ஜிமிக்கிக் குடையின் விட்டத்தை வெர்னியர் 0.02 மி.மீ. வரை சொல்லிவிடும். ஆனால் அதன் தாடை விளிம்பில் மட்டும்தான் நுழையும். உச்சியில் தகடு எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதை நிறையிலிருந்து கணக்கிட்டே அறிய வேண்டும். மாற்றை உரைகல் சொல்லும். தெரிந்த மாற்றுள்ள ஆணியால் ஒரு கோடு, நகையால் பக்கத்தில் ஒரு கோடு, இரண்டின் மேலும் அமிலத்துளி: எந்தக் கோடு எவ்வளவு வெளிறுகிறது என்று பார்ப்பதற்குக் கண் பழக வேண்டும். காற்றில் ஒருமுறை, நீரில் ஒருமுறை நிறுத்து அடர்த்தி காண்பதும் உண்டு. பசும்பொன்னுக்கு 19.3, வெள்ளிக்கு 10.5, செம்புக்கு 8.96, 22 காரட் பொன்னுக்கு ஏறக்குறைய 17.8. நகைக்குள் அரக்கோ காற்றோ அடைபட்டிருந்தால் இந்தக் கணக்கு பொய்த்துவிடும்.

அரக்குச் சிக்கல் பழையது. முதலாம் ராஜராஜனும் அவன் தமக்கை குந்தவையும் தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கொடுத்த நகைகளின் பட்டியல் அங்கே கல்லில் இருக்கிறது. பொன்னை ஆடவல்லான் என்னும் கல்லாலும், மணி பதித்த நகைகளைத் தட்சிணமேரு விடங்கன் என்னும் கல்லாலும் நிறுத்திருக்கிறார்கள். கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று நிறை இறங்கிக்கொண்டே போகிறது. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு, இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி. முத்துகளின் எண்ணிக்கையும் உண்டு, அரக்கு உட்பட நிறை இவ்வளவு என்ற குறிப்பும் உண்டு. ஒரே ஒரு நகையை அடையாளம் தவறாமல் எழுதிவைப்பது எப்படி என்பதற்கு இன்றைக்கும் அதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

சீடன்: பார்த்தாகிவிட்டது. அடுத்தது உருக்குவதுதானே?

குரு: உருக்குவதற்கு முன் கலப்பு. பதினொரு கிராம் பசும்பொன்னோடு ஒரு கிராம் கலந்தால் 22 காரட். அந்த ஒரு கிராமில் செம்பு கூடினால் பொன் சிவக்கும், வெள்ளி கூடினால் வெளிறிப் பச்சை தட்டும். பாட்டி காலத்து ஜிமிக்கியின் நிறம் கடையில் வாங்கும் பொன்னின் நிறமாக இருக்காது. ஆகவே ஒரே மாற்றில் இரண்டு மூன்று கலப்புகளைத் துளித்துளியாக உருக்கி, மிஞ்சிய ஜிமிக்கியின் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க முடியும். வீணைக்கு மேளம் கட்டுபவர் 24 மெட்டுகளையும் மெழுகின் மேல் இப்படித்தான் வைக்கிறார். அளவுகோல் தோராயமான இடத்தைக் காட்டும். அந்தத் தண்டிக்கும் அந்தக் குதிரைக்கும் அந்தத் தந்திக்கும் உரிய இடத்தைக் காதுதான் காட்டும். ஒரு வீணையில் சரியாக நின்ற இடைவெளியை அப்படியே அடுத்த வீணைக்கு எடுத்துப்போக முடியாது.

சீடன்: ஐயா, இங்கேதான் ஐயம் எழுகிறது. மிஞ்சிய ஜிமிக்கியைக் கருவி ஒன்று சுற்றிப் படமெடுத்துக் கணினிக்குள் ஏற்றிவிடுகிறது. அதை மெழுகில் அச்சிட்டு, அச்சைச் சுற்றிச் சாந்து ஊற்றி, மெழுகை உருக்கி வடித்து, பொன்னை வார்த்துவிடலாம். எந்தக் கையும் எட்டாத நுட்பம் அதற்கு உண்டு. பிறகு கைத்திறன் எதற்கு?

குரு: வடிவத்தைப் பொறுத்தவரை நீ சொல்வது சரி, மறுப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் ஜிமிக்கி வடிவம் மட்டுமன்று, நிறையும்கூட. 10 மி.மீ. விட்டமுள்ள அரைக்கோளக் குடையை எடுத்துக்கொள். அதன் பரப்பு ஏறக்குறைய 157 சதுர மி.மீ. கால் மி.மீ. தகட்டில் அடித்த பழைய குடை 0.7 கிராம் இருக்கும். அவ்வளவு மெல்லிய சுவருக்குள் உருகிய பொன் முழுதும் ஓடி நிரம்புவதற்குள் உறைந்துவிடக்கூடும் என்பதால் வார்ப்பவர் சுவரைத் தடிப்பாக வைப்பார். 0.6 மி.மீ. வைத்தால் குடை மட்டுமே 1.7 கிராம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்று. போட்டுக்கொள்பவரின் காதுகளில் ஒரு பக்கம் இழுக்கும், ஒரு பக்கம் ஆடும். இன்னொன்றும் உண்டு. அடித்த தகடு அடியினாலேயே இறுகுகிறது; கால் மி.மீ. கனத்திலும் உருக்குலையாமல் நிற்கிறது. வார்த்த பொன்னுக்கு அந்த இறுக்கம் இல்லை.

எஃகு அச்சு வெட்டி மெல்லிய தகட்டையே இயந்திரத்தில் அழுத்தலாமே என்று அடுத்துக் கேட்பாய். அழுத்தலாம். நூறு ஜோடி செய்பவருக்கு அதுதான் வழி. ஒன்றுக்காக அச்சு வெட்டினால் அச்சின் விலையில் அந்த நகை ஒளிந்துகொள்ளும்.

இதையெல்லாம் தாண்டி, ஐயத்தின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. நுட்பம் என்பது வரைபடத்தில் உள்ள எண்ணுக்கு எவ்வளவு அருகில் வந்தோம் என்பதே என்று எண்ணுவதால்தான் இயந்திரத்தோடு கை போட்டியிடுவதாகத் தோன்றுகிறது. ஒற்றை நகையில் நுட்பம் என்பது ஓர் உறுப்பு அடுத்த உறுப்புக்குப் பொருந்துவது. விளிம்புக் கம்பி குடைக்குப் பொருந்த வேண்டும், குடை கொக்கிக்கு, கொக்கி தோட்டுக்கு, தோடு அந்தக் காதின் துளைக்கு. முதல் உறுப்பில் ஒரு மயிரிழை பிசகினால் இரண்டாவது உறுப்பை அந்தப் பிசகுக்கு ஏற்பச் செய்கிறது கை. மேளம் கட்டுபவரும் பக்கத்து மெட்டு எங்கே நின்றுவிட்டதோ அதைக் கேட்டுத்தான் அடுத்ததை அழுத்துகிறார்.

கை தேர்ந்தெடுக்கும் வழிகளையும் கவனிக்க வேண்டும். பிழை தானாகவே சுருங்கும் வழியாகப் பார்த்துப் போவது பெரிய திறன். குடையின் விளிம்பில் பதிக்கும் சிறு பொன்மணிகளை யாரும் அரத்தால் உருட்டுவதில்லை. அரை மி.மீ. கம்பியை ஒரு மி.மீ. துண்டுகளாக நறுக்கிக் கரியின் மேல் வைத்து ஊதினால், ஒவ்வொரு துண்டும் உருகித் தானே உருண்டையாகிவிடும், விட்டம் 0.72 மி.மீ. நறுக்கும்போது ஒரு துண்டு நூற்றுக்குப் பத்து நீண்டுவிட்டால் உருண்டையின் விட்டம் நூற்றுக்கு மூன்றுதான் கூடும். கனமூலம் செய்யும் உதவி அது. கணக்குப் படிக்காத ஆசாரிகளும் தலைமுறை தலைமுறையாக இந்த வழியில்தான் மணி உருட்டினார்கள். கம்பி இழுப்பதில் பிழை வேறு விதமாக அடங்குகிறது. அச்சின் துளைகள் குறுகிக்கொண்டே போகும். விட்டம் பாதியானால் நீளம் நான்கு மடங்காகும். எவ்வளவு நீண்டாலும் கடைசித் துளையின் கனமே கம்பி முழுதும் நிற்கும்.

எல்லா இடத்திலும் இந்தச் சலுகை கிடைக்காது. குடைக்குத் தட்டை வில்லை நறுக்கும்போது பிழை அப்படியே விளிம்புக்கு வந்து சேரும். 10 மி.மீ. அரைக்கோளத்துக்குக் கணக்குப்படி 14.1 மி.மீ. வில்லை வேண்டும், குழியில் வைத்துத் தட்டும்போது உச்சியில் தகடு மெலிந்து பரப்பு கூடுவதால் சற்றுக் குறைத்தே நறுக்க வேண்டும். எவ்வளவு குறைப்பது என்பது சுத்தியலின் எடையையும் தட்டும் கையையும் பொறுத்தது. புத்தகத்தில் அதற்கு எண் இல்லை.

சீடன்: இப்படிச் செய்யும் வேலைக்கு யார் கூலி கொடுப்பார்கள்?

குரு: அது கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி.

சீடன்: பரம்பரையில் வராதவர் கற்க முடியுமா?

குரு: முடியும். நெருப்புக்குக் குலம் தெரியாது, மேலே போவோம்.

சீடன்: நெருப்பைப் பற்றித்தான் கேட்க இருந்தேன்.

குரு: நெருப்பு இரண்டு வேலை செய்கிறது. அடித்து இறுகிய பொன்னை மீண்டும் இளக்குவது ஒன்று. மங்கிய சிவப்பு தெரியும் வரை காய்ச்சி நிறுத்த வேண்டும். அதற்கு மேல் போனால் துகள்கள் பெருத்துத் தகடு சொரசொரக்கும். அந்த மங்கிய சிவப்பு நிழலில்தான் தெரியும். கடலைப் பார்த்த ஜன்னலருகே ஊதுகுழலை வைத்தால், பெசன்ட் நகர் வெளிச்சத்தில் சிவப்பு கண்ணில் படுவதற்குள் தகடு வெந்திருக்கும். காற்றும் சுடரை ஒரு நிலையில் நிற்க விடாது. பட்டறையை உள் அறையில் அமைப்பதற்கு வாஸ்துவைத் தேட வேண்டியதில்லை.

இரண்டாவது வேலை பற்றவைப்பது. ஒரு ஜிமிக்கியில் ஐந்தாறு பற்றுகளாவது இருக்கும். முதல் பற்றுக்கு உருகுநிலை கூடிய பற்றுப்பொடி, அடுத்ததற்கு அதனினும் குறைந்தது என்று படிப்படியாக இறங்க வேண்டும். வரிசை தவறினால் கொக்கியைப் பற்றவைக்கும் சூட்டில் விளிம்பு மணிகள் கழன்று விழும். ஆகவே கடைசிப் பற்று எது என்பதை முதல் பற்றுக்கு முன்பே தீர்மானித்திருக்க வேண்டும். வெங்காரம் பூசாத இடத்தில் பொடி ஓடாது. சூடு அதிகமான பக்கம் நோக்கியே அது ஓடும் என்பதால், சுடரை நகர்த்தித்தான் அதை இழுக்க வேண்டும். ஒரு காலத்தில் காட்மியம் கலந்த பொடி எளிதாக ஓடுகிறது என்று பரவியது. கேடிஎம் நகை என்ற பெயர் இன்னும் வழக்கில் இருக்கிறது. காட்மியம் 767 பாகையிலேயே கொதிப்பது. பொன் உருக 1064 பாகை வேண்டும். ஊதுபவரின் நுரையீரலுக்குள் போன அந்தப் புகையை எந்த நேர்த்தியும் ஈடுசெய்யாது. அதை விட்டொழித்ததே சரி.

சீடன்: கெம்புக்கல் பதிப்பது நெருப்புக்கு முன்னா, பின்னா?

குரு: எல்லா நெருப்பும் முடிந்த பிறகு. புளித்தண்ணீரிலும் பூந்திக்கொட்டை நுரையிலும் கழுவி, கருமை போன பின்பு, கல்லுக்குக் கீழே அரக்கும் மினுக்குத் தகடும் வைத்து, சுற்றிலும் பசும்பொன் ரேக்கை அழுத்துவார்கள். கலப்பில்லாத பொன் சூடில்லாமலே, அழுத்தத்தினாலேயே தன்னோடு தான் ஒட்டும். நாகர்கோவில் வடசேரி நடன நகைகளில் செங்கெம்பு நெருக்கமாக நிற்பதும் இத்தகைய அழுத்தும் வேலையால்தான். 1962இல் கலாக்ஷேத்திரம் திருவான்மியூருக்கு வந்ததிலிருந்து அடையாற்றுப் பக்கத்து நடன மாணவியர் ராக்கொடி, நெற்றிச்சுட்டி, மாட்டல் என்று தேடிப்போவது இந்த வகையைத்தான்.

சீடன்: மிச்சம் என்ன இருக்கிறது?

குரு: திருகு. கையால் வெட்டிய திருகாணி தன் தோட்டின் தண்டில் மட்டுமே ஏறும். பக்கத்துத் தோட்டில் பாதியில் நிற்கும். ஒரு வீணையின் மேளம் இன்னொன்றுக்குச் சேராததைப் போலத்தான் இதுவும். ஆகவே தண்டையும் திருகையும் சேர்த்தே வெட்டி, மிஞ்சிய ஜிமிக்கியின் திருகோடு கலந்துவிடாமல் உட்புறம் ஒரு புள்ளி கொத்திவைக்க வேண்டும். பிறகு மெருகு. மெருகு பொன்னைத் தின்னும் என்பதால், தின்னப்போகும் அளவை முதலிலேயே கூட்டி வைத்திருக்க வேண்டும். அரத்தூளையும் நறுக்கையும் சேர்த்து நிறுத்து, கொடுத்த பொன்னோடு கணக்குப் பார்த்தால் சேதாரம் எவ்வளவு என்று தெரியும்.

சீடன்: ஹால்மார்க் முத்திரை?

குரு: விற்பனைக்கு வரும் தங்க நகைக்கு எழுத்தும் எண்ணும் கலந்த ஆறிலக்க அடையாளத்தோடு கூடிய முத்திரை 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். 22 காரட்டுக்கு 916 என்று பொறிப்பார்கள். பற்றுப்பொடியின் மாற்றும் நகையின் மாற்றைக் குறைக்கும். பொடியைச் சிக்கனமாக வைத்திருந்தால்தான் அந்த எண் தேறும். இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைக்கு விலக்கு உண்டு. தோடு தவிர்த்துக் குடையும் மணிகளும் மட்டும் புதிதாகச் செய்தால் பெரும்பாலும் அந்த விலக்குக்குள் அடங்கிவிடும்.