இரண்டாவது கத்தி

உடல் பருமனுக்கு ஒருவர் ஆபரேஷன் செய்துகொண்டால் ஊர் இரக்கப்படும். 'பாவம், எவ்வளவு கஷ்டப்பட்டானோ!' என்று சொல்லும். மூன்று வருஷத்தில் எடை திரும்ப ஏறி, டாக்டரும் 'இன்னொரு ஆபரேஷன் தேவைப்படலாம்' என்று சொல்லிவிட்டால், அந்த இரக்கம் எங்கே போகிறது, கவனித்திருக்கிறீர்களா? நாகர்கோவில் பக்கத்துக் கல்யாணப் பந்தியில் அவர் அடைப்பிரதமனுக்குக் கை நீட்டினால் போதும். 'லெட்சக்கணக்குல செலவழிச்சும் வாயக் கெட்ட முடியல பாத்தேளா?' என்று எதிர்வரிசை முணுமுணுக்கும். முணுமுணுக்கிறவர் இலையில் மூன்றாவது கரண்டி ஓடிக்கொண்டிருக்கும். அது வேறு விஷயம்.

இதயத்தில் இரண்டாம் முறை ஸ்டென்ட் வைத்தவரை யாரும் இப்படிப் பேசுவதில்லை. ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்கப் போகிறோம்.

என்னதான் நடக்கிறது? 'ஸ்லீவ்' ஆபரேஷனில் இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைக்காய் மாதிரி குழாயாக்குகிறார்கள். 1999-ல் ஜப்பானியர்கள் கண்டுபிடித்த கிரெலின் என்ற பசி ஹார்மோன் பெரும்பாலும் அந்த வெட்டிய பகுதியில்தான் சுரக்கிறது. அதனால் ஆரம்பத்தில் பசி அடங்கிக் கிடக்கும். போகப்போகக் குழாய் விரியலாம். உடம்பும் சும்மா இராது. எடை குறைந்ததும் பஞ்சம் வந்துவிட்டதாக எண்ணிச் சிக்கனத்தில் இறங்கிவிடும். அமெரிக்க டி.வி. போட்டி ஒன்றில், கத்தி படாமல் உணவைக் குறைத்தும் உடற்பயிற்சி செய்தும் இளைத்த 14 பேரை ஆறு வருஷம் கழித்துச் சோதித்தார்கள். எதிர்பார்க்கும் அளவைவிட தினம் சுமார் 500 கலோரி குறைவாகவே அவர்கள் உடம்பு எரித்துக்கொண்டிருந்தது. 2016-ல் வெளியான ஆய்வு இது.

ஸ்வீடனில் 1987-ல் தொடங்கிய பெரிய ஆய்விலும் இதே கதைதான். இரைப்பை பைபாஸ் செய்தவர்களுக்கு ஓரிரு வருஷத்தில் சராசரியாக 32 சதவிகிதம் குறைந்த எடை, பத்தாம் வருஷம் பார்க்கும்போது 25 சதவிகிதக் குறைவாகிவிட்டது. இத்தனை பேருக்குமா ஒரே நேரத்தில் மன உறுதி போய்விட்டது?

நம் தாத்தா பாட்டிகளுக்கு இந்தச் சிக்கனம் புரியும். இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றுபோக, திருவிதாங்கூர் முழுக்க மரச்சீனிக் கிழங்கைத் தின்று காலம் தள்ளியது. அன்றைக்கு உயிரைப் பிடித்துவைத்த அதே குணத்தைத்தான் இன்று 'தீனிப் பண்டாரம்' என்று ஏசுகிறோம்.

நோயாளிக்குப் பங்கே இல்லை என்று சொல்ல வரவில்லை. சோற்றைத் தடுக்கும் சின்ன இரைப்பை, பாயசத்தையும் கலர் சோடாவையும் வழுக்கிக்கொண்டு போகவிடும். அவர் பொறுப்பு அவருக்கு உண்டு. ஆனால் பொறுப்பு வேறு, குற்றம் வேறு இல்லையா? 'ஒரே ஆபரேஷன், புது வாழ்க்கை' என்று விளம்பரம் போடுகிறவர்களை யாரும் பந்தியில் வைத்து விசாரிப்பதில்லை.

இரண்டாவது கத்தி லேசுப்பட்டதும் அல்ல. பழைய தழும்பின்மேல் வெட்டுவதால் கசிவும் ரத்தப்போக்கும் முதல் தடவையைவிட அதிகம் நேரலாம். குழாய் விரிந்ததா, சாப்பாடு மாறியதா, மனசு சோர்ந்ததா என்று பார்த்த பிறகே முடிவு செய்யவேண்டும். 2025 முதல் இந்தியாவிலும் கிடைக்கிற வாராந்திர ஊசி சிலருக்குப் போதுமாயிருக்கும். ஊர்வாய்க்குப் பயந்து மேஜையில் ஏறிப் படுப்பது மட்டும் கூடாது.

ஊர்வாய்க்குப் பயந்து டாக்டரிடமே போகாமல் இருப்பது அதைவிட மோசம். எடை ஏறியதைக் காட்ட வெட்கப்பட்டுப் பரிசோதனையை நிறுத்துகிறார்கள், வைட்டமின் மாத்திரையும் நின்றுபோகிறது. பி12 குறைந்து கால் மரத்துப்போன பிறகுதான் மறுபடி ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கிறார்கள்.